மலிந்த தகடும் மலியாத கடனும்: அரியாலைக் கூரைகளிலிருந்து ஒரு மானியக் கணக்கு

கேள்வி

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியால் கிழக்கு நோக்கிப் போகிறவர், நாவற்குழிப் பாலத்தை எட்டுமுன் அரியாலையைக் கடந்துவிடுவார். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இந்த ஊரின் வீடுகளில் இரண்டு மாற்றங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. மதில்கள் உயர்ந்தன. கூரைகளில் நீலக்கறுப்புத் தகடுகள் ஏறின. ஓட்டு வீடாயினும் சீற் போட்ட வீடாயினும் தெற்குப் பக்கச் சரிவில் பத்துப் பன்னிரண்டு தகடுகளைக் காணலாம். பக்கத்துக் காணிப் பனையின் நிழல் விழாமலிருக்க ஒரு வரிசை சற்றுத் தள்ளிப் பூட்டப்பட்டிருக்கும். வாசல் சுவரில் பழைய சக்கர மானி போய் எண்மானி வந்திருக்கிறது. அதன் சிறு திரையில் 1.8.0 என்ற குறியீடு வந்தால் அது வீடு வாங்கிய மின்சாரம். சில விநாடிகளில் 2.8.0 வந்தால் அது வீடு விற்றது.

கடந்த பத்தாண்டில் இந்த இரண்டாவது எண்ணுக்கு அரசு வைத்த விலை பல தடவை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இரண்டு வாதங்கள் மோதிக்கொண்டன. சூரிய மின்சாரம் உலகெங்கும் மலிந்துவிட்டது, இனி அதற்கு மானியம் எதற்கு என்பது ஒன்று. விலையைக் குறைத்தால் துறையே படுத்துவிடும் என்பது மற்றையது. முதலாவது பெரும்பாலும் மின்சார சபையின் பொறியியலாளர் பக்கத்திலிருந்தும், இரண்டாவது சோலர் பூட்டும் கம்பனிகளின் பக்கத்திலிருந்தும் வந்தது. இரு தரப்பும் ஒரு அலகு மின்சாரத்தின் விலையைப் பற்றியே பேசின. தகட்டை வாங்கும் காசு எங்கிருந்து, என்ன வட்டிக்கு வருகிறது என்ற கேள்வி ஓரத்தில் கிடந்தது. மானியத்தின் பலன் யாருக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

விலையை இறக்கியவர்கள் யார்?

சிலிக்கன் சூரியக்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன்பின் பல ஆண்டுகளுக்கு அது செய்மதிகளுக்குரிய ஆடம்பரப் பொருள். அதை வீட்டுக் கூரைக்கு இறக்கியதில் முதற்பங்கு ஜப்பானுக்கு. 1994இல் அந்நாடு கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. பெரிய பாய்ச்சல் ஜேர்மனியில் நடந்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், கூரையிலிருந்து வரும் ஒவ்வொரு அலகையும் 20 ஆண்டுகளுக்கு நிச்சயித்த விலையில் வாங்கவேண்டும் என்று மின்வலையமைப்பைக் கட்டாயப்படுத்தியது. தொடக்க விலை அலகுக்கு ஏறத்தாழ 50 யூரோ சதம். சந்தை விலையைவிடப் பல மடங்கு கூடிய இந்தத் தொகையை ஜேர்மானிய வீட்டுக்காரர்கள் தம் மின்கட்டணத்தோடு தனி அறவீடாகச் செலுத்தினார்கள். 2017இல் அந்த அறவீடு அலகுக்கு 6.88 சதம்வரை ஏறியது. 2022 ஜூலையில்தான் அது நிறுத்தப்பட்டது.

ஜேர்மனியில் எழுந்த தகட்டுத் தேவையை நிறைவேற்றியது சீனா. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்ட்டின் கிரீனிடம் படித்த ஷி செங்ரொங், 2001இல் வூஷி நகரில் சன்ரெக் நிறுவனத்தைத் தொடங்கினார். உள்ளூர் அரசின் ஆதரவு, மலிவான வங்கிக் கடன், பெருந்தொகை உற்பத்தி என்பன சேர்ந்து தகட்டின் விலையை உடைத்தன. சன்ரெக் 2013இல் வங்குரோத்தாகியது வேறு கதை. அதன் இடத்தைப் பிடிக்கப் பத்து நிறுவனங்கள் காத்திருந்தன. இந்த நாடு தாண்டிய தொடரோட்டத்தைக் கிரெகரி நெமெற் என்ற ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எந்தத் தனி நாடும் சூரிய மின்சாரத்தை மலிவாக்கவில்லை என்பதே அவர் காட்டும் சித்திரம்.

விளைவை எண்ணில் சொல்லலாம். சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகவரகத்தின் கணக்கின்படி, பெரிய சூரியப் பண்ணைகளில் ஓர் அலகை உற்பத்தி செய்யும் சராசரிச் செலவு 2010இல் 46 அமெரிக்க சதமாக இருந்து 2023இல் 4.4 சதத்துக்கு இறங்கியது. தரைக் காற்றாலைச் செலவு 11 சதத்திலிருந்து 3.3 சதமானது. தகடுகளின் மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் விலை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைகிறது என்பது இத்துறையில் பலகாலமாகக் கவனிக்கப்பட்ட போக்கு.

ஆகவே அரியாலைக் கூரைக்கு வந்த தகட்டின் விலையை இறக்கியது கொழும்பின் எந்த வர்த்தமானியுமல்ல. மியூனிக்கில் கட்டணம் கட்டியவரும் வூஷியில் கடன் கொடுத்த வங்கியும் அதைச் செய்து முடித்திருந்தார்கள். இலங்கை மானியம் செய்த வேலை வேறு: மலிந்த பொருளை யார் வாங்கலாம் என்பதை அது தீர்மானித்தது.

இலங்கைக்கு வந்த வழி

இலங்கையில் சூரிய மின்சாரத்துக்கான முதற் பெரிய உதவி, மின்கம்பி போகாத வீடுகளுக்காகவே வந்தது. உலக வங்கியின் ஆதரவோடு 1997இல் தொடங்கி அடுத்த பத்தாண்டும் தொடர்ந்த திட்டங்களில், கிராமப்புறங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சிறு தகடும் பற்றரியும் பெற்றன. அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி வடக்குக்குப் போர்க்காலம். அதற்கு முன்பே, 1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணம் மின்சாரமே இல்லாமல் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது. அந்தத் தலைமுறைதான் இன்று புலம்பெயர்ந்தும் ஊரிலும் சோலர் பூட்டும் வயதில் இருக்கிறது. மின்சாரத்தைச் சொந்தக் கூரையில் வைத்திருக்கும் ஆசையை வெறும் இலாபக் கணக்காக மட்டும் வாசிக்கமுடியாது.

மின்வலையமைப்போடு இணைந்த கூரைகளுக்கு 2010இல் வழி திறந்தது. வீடு தந்த அலகை வாங்கிய அலகிலிருந்து கழிக்கும் முறை அது, காசு கைமாறவில்லை. 2016 செப்டெம்பரில் ‘சூரியபல சங்ராமய’ என்ற தேசியத் திட்டம் அறிவிக்கப்பட்டபோதுதான் காசு வந்தது. மிகுதி மின்சாரத்துக்கு முதல் 7 ஆண்டுகள் அலகுக்கு 22 ரூபாயும், அடுத்த 13 ஆண்டுகள் 15.50 ரூபாயும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. ஆசிய அபிவிருத்தி வங்கி 2017இல் 5 கோடி டொலர் கடனுதவி அளித்தது. 2025இல் 1,000 மெகாவாட் என்பது இலக்கு. இலங்கைத் திட்டங்களில் அபூர்வமாக, இந்த இலக்கு நிறைவேறியது. கூரைகளின் மொத்தத் திறன் இன்று அதைத் தாண்டிவிட்டது.

அதன்பின் விலை ஏறி இறங்கியது. 2022இன் கடைசியில் புதிய இணைப்புகளுக்கு 37 ரூபாய். 2024 நடுப்பகுதியில் ஏறத்தாழ 27 ரூபாய். 2025இல், 5 கிலோவாட் வரையான கூரைக்கு 20.90 ரூபாய்; கூரை பெரிதாகப் பெரிதாக விலை படிப்படியாகக் குறைந்து, மிகப் பெரியவற்றுக்கு 15 ரூபாய்க்கும் கீழே.

இந்த எண்களை ரூபாயில் மட்டும் படித்தால் கதை தலைகீழாகத் தெரியும். 2016இல் டொலர் 146 ரூபாய் அளவில் இருந்தது. அன்றைய 22 ரூபாய் என்பது 15 அமெரிக்க சதம். 2022இல் டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே 22 ரூபாய் 6 சதமாகச் சுருங்கியது. எல்லாரும் தாராளம் என்று நினைவுகூரும் 37 ரூபாய், கொடுக்கப்பட்ட நாளில் வெறும் 10 சதம்தான். 2025இன் 20.90 ரூபாய் ஏறத்தாழ 7 சதம். மானியத்தைப் பாதிக்குமேல் வெட்டியது எந்த அமைச்சரவைப் பத்திரமும் அல்ல, நாணய வீழ்ச்சி. இலண்டனிலோ சூரிச்சிலோ இருந்து தாயின் வீட்டுக்கு 2017இல் சோலர் போட்டுக்கொடுத்தவர், தான் அனுப்பிய பவுணிலோ பிராங்கிலோ கணக்குப் பார்த்தால் இதை உடனே உணர்வார். தகடு இறக்குமதிப் பொருள் என்பதால் உலகச் சந்தையின் விலை வீழ்ச்சியிலும் பெரும்பகுதியை அதே ரூபாய் வீழ்ச்சி விழுங்கிவிட்டது.

ஐந்து கிலோவாட்டின் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாண வெயிலில் 5 கிலோவாட் கூரை நாளொன்றுக்குச் சுமார் 20 அலகு, மாதம் சுமார் 600 அலகு தரும். பூட்டும் செலவு 10 லட்சம் ரூபாய் என்றும், எல்லா அலகும் விற்கப்படுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். கணக்கின் வசதிக்காகச் செலவை எல்லாக் காலத்துக்கும் ஒன்றாகவே வைப்போம்.

22 ரூபாய்க்கு மாத வருமானம் 13,200. 37 ரூபாய்க்கு 22,200. 20.90 ரூபாய்க்கு 12,540. கைக்காசைப் போட்டவருக்கு முதல் திரும்ப 37 ரூபாய்க் காலத்தில் 45 மாதம் போதும், 20.90 ரூபாய்க் காலத்தில் 80 மாதம் வேண்டும். துறை படுத்துவிடும் என்று கம்பனிகள் அழுவதன் பொருள் இதுதான்.

கடன் எடுத்தவரின் கணக்கு வேறு. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் வணிக வங்கிகளின் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியிருந்தது. 25 வீதம் என்றே வைத்தாலும், 10 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 20,833 ரூபாய். வருமானம் 22,200. வட்டி போகக் கையில் 1,367 ரூபாய். முதலை எதைக்கொண்டு அடைப்பது? 2025இல் வட்டி 12 வீதம் என்று எடுத்தால், மாதம் 10,000. வருமானம் 12,540. கையில் 2,540. அதாவது, விலை 43 வீதம் வெட்டப்பட்ட பிறகும் கடன்காரரின் நிலை முன்னையதைவிடச் சற்று மேல்.

சூரிய மின்சாரத்தின் இயல்பே இதற்குக் காரணம். டீசல் மின்பிறப்பாக்கியின் செலவில் பெரும்பகுதி எரிபொருள். அது ஓட ஓடக் கொடுக்கும் காசு. வெயிலுக்கு விலை கிடையாது. 20 ஆண்டுச் செலவில் ஏறக்குறைய முழுவதையும் முதல் நாளே கொடுக்கவேண்டும். ஆகவே முதலின் விலை, அதாவது வட்டி, மின்சாரத்தின் விலையாகவே ஆகிவிடுகிறது. உலக முகவரகங்கள் சொல்லும் 4.4 சதம் மலிவான மூலதனம் கிடைக்கும் பெரும் பண்ணைகளையும் சேர்த்து எடுத்த சராசரி. அதை அப்படியே தூக்கிவந்து அரியாலைக் கூரையில் வைத்துப் பேசுவது தவறு.

கைக்காசு போட்டவரிடமும் அந்தக் காசை வங்கியில் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 2022–23இல் நிலையான வைப்பு வட்டியும் உச்சத்தில்தான் இருந்தது. ஆனால் ரூபாய் இன்னும் சரியும் என்ற பயத்தில் பிரான்ஸிலிருந்து காசு அனுப்பிய பிள்ளைக்கு, ரூபாய் வைப்பைவிடக் கூரையில் நிற்கும் பொருள் பத்திரமாகத் தெரிந்தது. அப்படி வந்த வட்டியில்லாக் காசுதான் யாழ்ப்பாணக் கூரைகளின் உண்மையான மானியம். அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதப்படவில்லை. அரசு கொடுத்த 37 ரூபாய் போய்ச் சேர்ந்தது, அந்த முதல் மானியம் ஏற்கெனவே கிடைத்திருந்தவர்களிடம்.

கூரை இருந்தும் இல்லாதவர்கள்

அரியாலையின் கிழக்கே பூம்புகார்ப் பக்கம் போனால் நிலம் கடல்நீரேரியை நோக்கித் தாழும். போருக்குப் பின் மீளக் குடியேறியவர்களின் சிறிய வீடுகள் அங்கே உண்டு. வடகிழக்கில் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீட்டின் பரப்பு சுமார் 550 சதுர அடி. 5 கிலோவாட்டுக்குச் சுமார் 300 சதுர அடிக் கூரை போதும். ஆகவே இத்தகைய வீடுகளில் இடம் ஒரு தடையல்ல. 10 லட்சம் ரூபாய்தான் தடை; அந்த வீட்டைக் கட்டவே அதைவிடக் குறைந்த தொகைதான் கொடுக்கப்பட்டது.

இந்த வீட்டுக்காரர் மாதம் 30 அலகு பாவிக்கிறார் என்று வைப்போம். 2022 ஓகஸ்டுக்கு முன் அவருடைய கறண்ட் பில், நிலைக் கட்டணத்தோடு 105 ரூபாய். 2022 ஓகஸ்டில் 360 ரூபாய். 2023 பெப்ரவரியில் 1,300 ரூபாய். சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைப்படி மின்சார சபை தன் செலவைக் கட்டணத்திலேயே மீட்கவேண்டியிருந்தது. பின்னர் கட்டணம் குறைந்தது. ஆனால் அந்த ஆண்டில் கூரைகளுக்குக் கொடுத்த 37 ரூபாயும் அதே சபையின் அதே செலவுக் கணக்கில்தான் ஏறியது. கூரைக்காரருக்கான விலையைக் கட்டணம் கட்டுவோர் எல்லாரும் பகிர்ந்தார்கள், பூம்புகார் வீட்டுக்காரர் உட்பட.

இதை வைத்துக் கூரைச் சூரியத் திட்டம் ஏழையிடமிருந்து பறித்துப் பணக்காரருக்குக் கொடுக்கிறது என்று முடிவுகட்டும் விமர்சகர்கள் உண்டு. அந்த முடிவு அரைகுறை. கூரையிலிருந்து வரும் ஓர் அலகு எதன் இடத்தைப் பிடிக்கிறது என்று பார்க்கவேண்டும். 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு 13 மணிநேர மின்வெட்டில் கிடந்தது. எரிபொருள் வாங்க டொலர் இல்லை. அப்படியான நாளில் 37 ரூபாய் அலகு, கிடைக்காத டீசலைவிட மலிவு, பலன் எல்லாருக்கும். ஆனால் அணைகள் நிரம்பியிருக்கும் ஒரு விடுமுறை நாளின் நண்பகலில் அதே அலகு, சும்மா ஓடக்கூடிய நீர்மின்சாரத்தின் இடத்தைப் பிடிக்கிறது. அப்போது 37 ரூபாய் முழுவதும் கைமாற்றம். மானியத்தின் நியாயம் மணிக்கு மணி மாறும்போது, அதை 20 ஆண்டுக்கு ஒரே எண்ணாக ஒப்பந்தத்தில் எழுதியதே கோளாறு.

எந்த உருவத்தில் மானியம் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதைப் பெறுகிறவர் அமைகிறார் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டின் முப்பந்தலிலும் கோவை, திருப்பூர் வட்டாரத்திலும் காற்றாலைகள் பெருகியதற்குப் பெரிய காரணம், முதலீட்டை விரைவில் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைக்க இந்திய அரசு அளித்த சலுகை. வரி கட்டுமளவுக்கு இலாபம் உள்ள ஆலை முதலாளிதான் அதை அனுபவிக்கமுடியும். காற்றாடி சுழன்றாலும் சுழலாவிட்டாலும் வரிச்சலுகை கிடைத்தது. அதனால்தான் 2009இல் உற்பத்தி செய்த அலகுக்கு 50 பைசா என்ற ஊக்கத்தொகை வந்தது. 2024 பெப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டமோ, 3 கிலோவாட் கூரைக்கு 78,000 இந்திய ரூபாயை முதலீட்டு மானியமாகக் கொடுக்கிறது. குறைந்த வருமானக்காரரைத் தடுப்பது அலகின் விலையா, முதல் நாளின் செலவா என்ற கேள்விக்கு இந்தியா பிந்தியதைப் பதிலாக எடுத்திருக்கிறது. இலங்கை இன்னும் முந்தியதிலேயே நிற்கிறது.

இந்தியாவின் கொடை இலங்கைக்கும் வந்தது. 2025 ஏப்ரல் 5இல், 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டிடங்களுக்கு, மொத்தம் 25 மெகாவாட் கூரைத் தகடுகள் வழங்கும் திட்டத்தை இந்தியப் பிரதமர் தொடக்கிவைத்தார். கோயிலுக்கு 5 கிலோவாட் இனாமாகக் கிடைக்கும். கோயிலுக்கு வருகிறவர் வங்கிக்குப் போகவேண்டும்.

நண்பகலின் சிக்கல்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று முதலில் சொல்லப்பட்டு, உலகெங்கும் செய்தியானது. குரங்கு ஒரு தீப்பொறிதான். ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. வெயில் என்பதால் கூரைகளின் பங்கு மிக அதிகம். கனமான சுழலிகள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. சிறு அதிர்ச்சியைத் தாங்கும் பளு வலையமைப்பில் இருக்கவில்லை என்று பின்னர் மின்சார சபை விளக்கியது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் நின்றுபோனதால் அடுத்த நாட்களில் மின்வெட்டு. அந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்குமாறு சபை வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

சபையின் கவலை நியாயமானது. அதன் தயாரின்மை நியாயமானதல்ல. 1,000 மெகாவாட் வரும் என்று 2016இலேயே தெரியும். மின்கலச் சேமிப்பு, தொலைவிலிருந்து கட்டுப்படுத்தக்கூடிய இன்வேட்டர், ஒழுங்கைகளின் மின்மாற்றிகளைப் பெருப்பித்தல் ஆகியவற்றுக்கு எட்டு ஆண்டு இருந்தது. ஒரே ஒழுங்கையில் பல வீடுகள் சோலர் பூட்டினால் நண்பகலில் கம்பியின் வோல்ற்றேஜ் ஏறி இன்வேட்டர்கள் தாமாக நின்றுவிடும். மின்மாற்றியில் இடமில்லை என்று புதிய விண்ணப்பம் திரும்பும். அப்போது முதலில் வந்தவருக்கு 20 ஆண்டு ஒப்பந்தம், பிந்தி வந்தவருக்கு மறுப்புக் கடிதம். ஒழுங்கையின் மின்மாற்றியும் ஒரு பொதுச் சொத்து என்பதும், அதன் கொள்ளளவு காசு முந்திக் கிடைத்தவருக்கே போகிறது என்பதும் மானிய விவாதத்தில் வருவதே இல்லை.

டீசலுக்கு நாம் கொடுக்கும் மானியம்

புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மானியம் வேண்டுமா என்று கேட்பவர், எரிபொருளுக்குக் கொடுபடும் மானியத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். மாசும் காலநிலைச் சேதமும் உட்பட 2022இல் உலகம் எரிபொருளுக்குக் கொடுத்த மானியம் 7 இலட்சம் கோடி டொலர் என்று நாணய நிதியமே மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் பெரிய எண்ணைவிட யாழ்ப்பாணத்துச் சிறிய எண்கள் தெளிவாகப் பேசும்.

மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. கிணற்றடியில் மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருந்த தோட்டக்காரரும் வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரரும் அன்றுவரை அரச மானியத்தில் ஓடியிருந்தார்கள் என்பது விலை ஏறிய அன்றுதான் உறைத்தது. மானியம் போனது. அதற்குப் பதிலாகச் சூரிய நீர்ப்பம்பு ஒவ்வொரு தோட்டத்துக்கும் வந்துசேரவில்லை.

தீவகத்தில் இன்னும் தெளிவு. நாடு முழுவதும் ஒரே கட்டணம் என்பதால் நெடுந்தீவு வீட்டுக்காரரும் கொழும்புக்காரரும் ஒரே விலை கொடுப்பார்கள். ஆனால் நெடுந்தீவின் மின்சாரம் படகில் வந்த டீசலில் பிறந்தது. இடைவெளியைச் சபை சுமந்தது. இங்கே சூரியமும் காற்றும் ஒவ்வொரு நாளும் மானியத்தை மிச்சப்படுத்தும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம் 2021இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா ஆட்சேபித்தது, பின்னர் ஏறத்தாழ 1.1 கோடி டொலரை நன்கொடையாகவே தந்தது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தமானது: 1,700 கிலோவாட் சூரியம், 530 கிலோவாட் காற்று, மின்கலம், துணைக்கு டீசல். இரண்டு வல்லரசுகளின் போட்டியும் ஒருவகையில் மானியம்தான். மூன்று ஆண்டு தாமதம் அதன் விலை.

சுன்னாகத்தின் கணக்கோ எந்தப் பில்லிலும் வராதது. அங்கே தனியார் அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளுக்குள் இறங்கியது. குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நீர்தான் குடிநீரும் தோட்டத்து நீரும். 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் நொதேர்ன் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. டீசல் மின்சாரம் மலிவாகத் தெரிந்த ஆண்டுகளில் அதன் செலவில் ஒரு பகுதியைச் சுன்னாகம் மக்கள் கிணற்றில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

காற்றாலைக்கும் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். மன்னாரில் 2020இல் திறந்த 103.5 மெகாவாட் பண்ணையை அடுத்து வந்த திட்டங்களை, வெள்ளநீர் தங்குகிறது, மீன்பிடி பாதிக்கிறது என்று சொல்லி 2025இல் மக்கள் எதிர்த்தார்கள். அந்தச் செலவை யாரும் அலகின் விலையில் எழுதவில்லை. மறுபக்கம், போட்டி ஏலம் செய்யக்கூடியதையும் மன்னாரே காட்டியது. பேச்சுவார்த்தை வழியில் அதானி நிறுவனத்துக்கு மன்னார், பூநகரித் திட்டங்களுக்காக ஒப்புக்கொண்ட விலை 8.26 சதம், அந்நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அதே மன்னாரில் ஏலத்துக்கு விட்ட 50 மெகாவாட் காற்றாலைக்குக் கிடைத்த விலை 4.65 சதம். உலகச் சந்தையின் விலை வீழ்ச்சியை நாட்டுக்குள் கொண்டுவர மானியத்தைவிட ஏலமே சில இடங்களில் வலுவான கருவி. 2022 ஜூனில் நாடாளுமன்றம் மின்சாரச் சட்டத்திலிருந்து கட்டாய ஏலத்தை நீக்கியது அதனாலேயே மன்னிக்கமுடியாத தவறு.

அடுத்த மானியம் யாருக்கு?

2025இல் அரசு இன்னொரு விலையையும் அறிவித்தது: பகல் மின்சாரத்தை மின்கலத்தில் சேமித்து, மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் வலையமைப்புக்குத் தருகிறவர்களுக்கு அலகுக்கு 45.80 ரூபாய். தத்துவம் சரி. மின்சாரத்தின் பெறுமதி நேரத்தைப் பொறுத்தது என்பதை இலங்கை விலைக்கொள்கை முதன்முறையாக வீட்டுக்கூரைக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறது. லித்தியம் மின்கலத் தொகுதியின் உலகச் சராசரி விலை 2024இல் கிலோவாட் மணிக்கு 115 டொலராக இறங்கியிருப்பதால் நேரமும் சரி. ஆனால் தகட்டுக்கு மேல் மின்கலத்துக்கும் காசு வைத்திருப்பவர்தான் 45.80ஐத் தொடமுடியும். 37 ரூபாய் போன வீட்டுக்கே இதுவும் போகும்.

பூம்புகார்க் கூரையை இந்தக் கணக்குக்குள் கொண்டுவர, புதிய விலை ஒன்றை அறிவிப்பதைவிட மலிவான கடன் ஒன்றைத் திறப்பது பயன்தரும். அதற்கான அமைப்பு யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தேடவேண்டியதில்லை. சிக்கன கடனுதவிச் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டடமும் கூரையும் உண்டு. சங்கக் கூரையிலோ பாடசாலைக் கூரையிலோ பங்குமுறையில் தகடும் மின்கலமும் பூட்டி, வருமானத்தைப் பங்காளர் பில்லில் கழிக்கச் சட்டம் இடங்கொடுத்தால், சொந்தமாக 10 லட்சம் இல்லாதவர் 20,000 ரூபாயோடு உள்ளே வரலாம். அபிவிருத்தி வங்கிகளிடமிருந்து வரும் அடுத்த கடனுதவியில் ஒரு பங்கைச் சங்கங்களுக்கென ஒதுக்குமாறு வடக்கு மாகாண நிர்வாகமும் கூட்டுறவுத் திணைக்களமும் கேட்கவேண்டும். மின்சார சபை, ஒவ்வொரு ஒழுங்கை மின்மாற்றியிலும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். அந்த மிச்ச இடத்தில் ஒரு பகுதி 5 கிலோவாட்டுக்குக் குறைந்த கூரைகளுக்கென ஒதுக்கப்படவேண்டும். இவை நடக்காதவரை, 2022இன் கடைசியில் 37 ரூபாய்க்குக் கையெழுத்திட்ட கூரைகளுக்கான பணத்தை, 20 ஆண்டு ஒப்பந்தப்படி 2042 வரைக்கும் பூம்புகார் வீட்டுக்காரரும் சேர்ந்தே கட்டிக்கொண்டிருப்பார்.